பல் இருந்தும் கஞ்சி

பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் உட்காருகிறவளுக்கு ஊரார் வாயெல்லாம் தெரியும். ஆனால் வலியோடு வருகிறவர்கள் அவளைப் பார்ப்பதில்லை, வலி தீர்ந்து போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை.

என்னைப் போல மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு சீட்டு எழுதுகிற தோழிகளுக்கு இது ஒன்றும் புதிதல்ல. ஆனால், எதிரே நிற்பவர் மத்தியானம் என்ன சாப்பிடப் போகிறார் என்று நினைத்து நினைத்து உள்ளுக்குள் வெந்து போனவர்கள் உங்களில் எத்தனை பேர் இருப்பீர்களோ தெரியாது. நான் அந்த ரகம். கல்மண்டபம் பக்கத்தில் ஒரு பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில், சுனாமிக்கு அடுத்த வருஷம், வாயில் எதைப் போட்டாலும் திரும்பி வருகிற வயிற்றோடு உட்கார்ந்திருந்தேன்.

கதை பெரியதில்லை. பி.எஸ்சி. முடித்தபோது நான் நூற்றுப் பதினான்கு கிலோ. வீட்டு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மாமா ஒருவர் எங்கேயோ கேள்விப்பட்டு வந்து சொல்ல, இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன். தைத்த இடத்தில் கசிந்துவிட்டது. நாலாம் நாள் மறுபடி திறந்தார்கள். அப்புறம் ஐந்து வாரம் வயிற்றோரம் போட்ட குழாய் வழியாகத்தான் சாப்பாடு. குழாயை எடுத்த பிறகு, ஆறின தையல் வழியைக் குறுக்கிவிட்டது என்று இரண்டு தடவை உள்ளே பலூன் விட்டு விரித்தார்கள். தண்ணீர், மோர், கஞ்சித் தெளிவு, கரைத்த பருப்பு என்று ஒவ்வொரு படியாக ஏறி, ‘கெட்டி’ என்ற படியில் கால் வைத்ததும் சறுக்கினேன். மென்று விழுங்கிய எதுவும் உள்ளே தங்கவில்லை. இரண்டு மாதம் பார்க்கலாம், அதற்குள் கெட்டி ஆகாரம் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் மறுபடி குழாய்தான் என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த இரண்டு மாதமும் வீட்டில் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் வேலைக்குச் சேர்ந்தேன். உடம்பு குறைக்க ஆபரேஷன் செய்துகொண்டேன் என்று சொல்ல வெட்கம். டாக்டரம்மாவிடம் அல்சர் என்று சொல்லி வைத்தேன். டிபன் பாக்ஸுக்குப் பதிலாக ஒரு பிளாஸ்க் கொண்டு போனேன்.

நாளைக்கு வரைக்கும்

பல் பிடுங்கியவர்களுக்கு என்ன சாப்பிடலாம் என்று சொல்லி அனுப்புவது என் வேலை. டாக்டரம்மா முதல் நாளே பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டார். பஞ்சை முக்கால் மணி நேரம் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். எச்சில் துப்பக் கூடாது. இன்றைக்கு ஆறின கஞ்சி, மோர், வேண்டுமானால் ஐஸ்கிரீம். நாளைக்குக் குழைந்த சாதம். நாளை மறுநாள் எல்லாம் சாப்பிடலாம். அந்த ‘எல்லாம்’ வரும்போது மட்டும் என் குரல் தானாக இறங்கிவிடும். கேட்பவர்கள் மறுபடி கேட்பார்கள். எல்லாம் என்றால் மட்டன் சாப்பிடலாமா, கருவாடு சாப்பிடலாமா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்ட வேண்டும்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவர் வந்தார். கதவளவு ஆள். கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்துவிட்டு, கன்னத்தைக் கையால் தாங்கியபடி என் முன்னால் நின்றார். நான் பாடத்தைச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. மரப்பு ஊசியால் என்று நினைத்தேன். இல்லை. பஞ்சைக் கடித்தபடியே, பாதிச் சொல்லை விழுங்கிக்கொண்டு கேட்டார். எனக்குக் கஞ்சி தொடங்கி அன்றோடு நாலாவது மாதம்.

“நாளிக்கு வரிக்கும் கஞ்சியா? அத்தக் குட்ச்சிகினு மனுசன் உசுரோட இருப்பானாம்மா?”

ஸ்டெல்லாவின் பதினோரு மணி

டாக்டரம்மாவுக்கு உதவியாக இருந்தவள் ஸ்டெல்லா. காசிமேட்டுப் பெண், என்னைவிட இரண்டு வயது சின்னவள், முருங்கைக்காய் உடம்பு. பதினோரு மணிக்கு நோயாளிகள் கொஞ்சம் ஓய்ந்ததும் மூலையில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பொட்டலத்தைப் பிரிப்பாள். நாலு இட்லி, வடகறி. வடையை உதிர்த்துப் போட்ட அந்தக் குழம்பின் சோம்பு வாசனை மருந்து வாசனையை எல்லாம் அமுக்கிவிட்டு நேராக என் மேசைக்கு வரும். ஸ்டெல்லா இட்லியைப் பிய்ப்பதே கிடையாது. பாதி இட்லி ஒரு வாய். இரண்டு தடவை தாடை அசையும், உள்ளே போய்விடும். இவ்வளவு வேகமாக உள்ளே போவதெல்லாம் எங்கே போகிறது, இவள் இடுப்பு மட்டும் ஏன் இப்படியே இருக்கிறது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். பொறாமை என்றால் சாதாரணப் பொறாமை இல்லை. அவள் விரலைச் சப்பும்போது எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விடும்.

ஒருநாள் தாங்க முடியாமல் டாக்டரம்மாவிடம் போய், சாப்பாட்டு வாசனை வருகிறவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கிறதாம் என்று சொன்னேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஸ்டெல்லா மாடிப்படியில் நின்றுகொண்டு சாப்பிட்டாள். போட்டுக் கொடுத்தது நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. கை கழுவிவிட்டு வந்தவள் என் பிளாஸ்க்கையும் முன்னைவிடத் தொளதொளத்துப் போன என் சுடிதாரையும் பார்த்து நிஜமான ஏக்கத்தோடு சொன்னாள்.

“உனுக்கு வாயடக்கம் கீதுக்கா. எனுக்கு எங்க, சோத்தக் கண்டா பாய்ஞ்சிடுறேன்.”

ஒரு வாரக் கஞ்சி

இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. திருவொற்றியூரிலிருந்து ஏழுமலை என்று ஒருவர் வந்தார். கம்பெனி ஒன்றில் ஃபிட்டர். ஞானப்பல் கோணலாக முளைத்து, ஈறைக் கீறி எடுத்து இரண்டு தையல் போட்டிருந்தது. வியாழக்கிழமை. சீட்டு வாங்க வந்தவர் வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை தன் தங்கை மகளுக்குக் கல்யாணம் என்றார். பிரியாணிக்கு ஆள் வாணியம்பாடியிலிருந்து வருகிறான், விறகடுப்பு, நாலு டேக்ஸா நிறைய, மாமன் என்ற முறையில் முதல் பந்தியில் தனக்குத்தான் முதல் இலை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் வாயோரம் எச்சில் ஊறி, பஞ்சு நனைந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடலாமில்லையா என்று கேட்டார்.

சாப்பிடலாம். மூன்று நாள் போதும், மறுபக்கத்தில் மென்றுகொள்ளச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு ஆகவில்லை. தையல் பிரிக்கிற வரைக்கும், ஒரு வாரம், கஞ்சி மட்டும் என்று சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை தையல் பிரிக்க வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. புண் பிரமாதமாக ஆறியிருக்கிறது என்று டாக்டரம்மா பாராட்டினார். ஏழுமலை வெளியே வந்து என் மேசையில் ஒரு தாம்பூலப் பையை வைத்தார். தேங்காயும் ஒரு லட்டும் இருந்தன. எனக்கு நன்றி சொல்லத்தான் கொண்டுவந்திருந்தார்.

“பந்தில குந்தவே இல்லம்மா. நீ சொல்லிட்டியேன்னு வாசல்லயே நின்னுகினு, வர்றவங்கள வாங்க வாங்கன்னு கூப்ட்டுகினு இருந்தேன்.”

எச்சில் தொட்டி

அந்த லட்டை நான் தொடவில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு வீராப்பு வந்தது. இப்படி ஊரார் வாயைக் கட்டுவதைவிட என் வாயைத் திறந்து பார்க்கலாமே என்று தோன்றியது. மறுநாள் மத்தியானம் டாக்டரம்மா வீட்டுக்குப் போயிருந்தார். ஸ்டெல்லா போகும்போது, மிஞ்சினது என்று ஒரு இட்லியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் பாதியை எடுத்தேன். பொடிப்பொடியாகப் பிய்த்து ஒவ்வொன்றையும் முப்பது தடவை மென்றேன். இட்லியில் மெல்ல என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்கு அது கருங்கல்.

ஐந்தாவது வாயில் நெஞ்சுக்குள் ஒரு கை வந்து பிடித்தது. இதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். முதலில் மார்புக்கு நடுவில் ஒரு இறுக்கம். பிறகு வாய் முழுக்க நுரை. வாந்திகூட இல்லை, சோப்புத் தண்ணீர் மாதிரி வெள்ளை நுரை, துப்பத் துப்ப வரும். கழிவறை மாடிப்படிக்குக் கீழே. அதுவரை போக முடியாது. ஓடிப் போய், பல் நாற்காலியில் கைப்பிடி ஓரமாக இருக்கிற எச்சில் தொட்டியில் குனிந்துகொண்டேன். கடைசியில் அந்த இட்லியும் போட்டது போட்டபடி வந்து விழுந்தது. குழாயைத் திறந்து கழுவிக்கொண்டே அழுதேன். இன்னும் நாலு வாரம்தான் பாக்கி.

நிமிர்ந்தால், வாசலில் ராணியம்மா நின்றுகொண்டிருந்தார். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். வயசு ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்காது, ஆனால் வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. செயற்கைப் பல்லுக்கு அச்சு எடுக்க மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். இரண்டு மணிக்கே வந்துவிட்டார். தொட்டியையும் என் வாயோரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பார்வையில் இரக்கம் நிறைய இருந்தது.

“இன்னா பாப்பா, உன்னியும் அந்த நாக்காலில குந்த வச்சிட்டாங்களா?”

செட்டு

ராணியம்மாவுக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது. அச்சு எடுக்கும்போது மட்டும்தான் அவர் வாய் மூடியிருந்தது. அடுத்த வாரம் கடி அளவு பார்க்க வந்தவர், என் மேசைக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து, நான் பிளாஸ்க்கிலிருந்து பருப்புத் தண்ணீரைக் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “உனுக்கு செட்டு கீதா?” என்று கேட்டார்.

செட்டு என்றால் எங்கள் காலேஜில் ஒரே அர்த்தம்தான். நாங்கள் ஐந்து பேர் ஒரு செட். சனிக்கிழமையானால் பீச் ஸ்டேஷன் பக்கம் போய், பர்மாக்காரர் கடையில் நின்றுகொண்டே அத்தோ சாப்பிடுவோம். நூடுல்ஸும் முட்டைகோஸும் வறுத்த வெங்காயமுமாகக் கையால் பிசைந்து கொடுப்பார். கூடவே வாழைத்தண்டு சூப். ஆபரேஷனுக்குப் பிறகு அவர்கள் கூப்பிட்டார்கள் என்று ஒரு தடவை போனேன். நாலு பேரும் சாப்பிட்டார்கள். நான் சூப்பை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் தட்டுகளைப் பார்த்தேன். நாலு பேரும் என்னிடம் பிரியமாகத்தான் இருந்தார்கள். வீட்டுக்கு வந்து அவர்கள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டேன். இவ்வளவையும் மீன் விற்கிற அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சுருக்கமாக, இருந்தது, ஆபரேஷனுக்கு அப்புறம் செட் ஆகவில்லை, விட்டுவிட்டேன் என்றேன். அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். என்னைப் புரிந்துகொண்ட முதல் ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ராணியம்மா வரவில்லை. அவரைப் பார்த்துச் செயற்கைப் பல்லுக்கு அச்சு கொடுத்திருந்த அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் வரவில்லை. அலமாரியில் மூன்று ஜோடி பிளாஸ்டர் ஈறுகள், பெயர் எழுதி ஒட்டியபடி, ஆளில்லாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. டாக்டரம்மா கிளினிக் திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மார்க்கெட்டில் பெயர் கெட்டால் அந்தத் தெருவில் பிழைக்க முடியாது. விசாரித்து வரச் சொல்லி ஸ்டெல்லாவை அனுப்பினார். ஸ்டெல்லா சாயங்காலம் வந்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தோடு சொன்னாள். காசிமேட்டில் செட்டு என்றால் பல் செட்டு. ரிசப்ஷன் பெண் சின்ன வயசிலேயே பல்லெல்லாம் எடுத்துவிட்டுச் செட்டு போட்டுக்கொண்டதாகவும், அது ஒத்துக்கொள்ளாமல், சிரிக்க மட்டும் மாட்டிக்கொண்டு, பாவம், வெறும் தண்ணீர் குடித்தே உயிர் வாழ்வதாகவும், அதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகவும் மார்க்கெட் முழுக்கப் பேச்சு. டாக்டர் நல்லவர்தான், வந்து பாருங்கள் என்று ஸ்டெல்லா கெஞ்சியிருக்கிறாள். ராணியம்மாவின் பதிலை அப்படியே கொண்டுவந்திருந்தாள்.

“மீன் விக்கிறவளே மூக்கப் பொத்திகினா, அத்த எவடி வாங்குவா?”

ஒரு துண்டு வஞ்சிரம்

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீ போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்துவிடு, அல்சர் என்று சொல்வதில் என்ன இருக்கிறது என்றார். என்ன இருக்கிறது என்பது எனக்கல்லவா தெரியும். அல்சர் என்று ஆரம்பித்தால் ராணியம்மா விடமாட்டார், அடுத்த கேள்வியில் எல்லாம் வெளியே வந்துவிடும். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொருவர் பிழைப்பைக் கெடுப்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள், நானே எல்லார் முன்னாலும் கடித்துக் காட்டுகிறேன், வரச் சொல் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லி அனுப்பினேன். சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. இட்லிக்குப் பிறகு நான் கெட்டியாக எதையும் தொடவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக ஒன்பது நாள்தான் இருந்தது.

ராணியம்மா கூட்டாளிகள் இரண்டு பேரோடும் வந்தார். கையில் பேப்பரில் மடித்து வஞ்சிரம் வறுவல், காலையில் வந்த மீன். பிஸ்கெட்டைக் கடித்துக் காட்டி ஏமாற்றிவிடுவேன் என்று பரீட்சைப் பொருளை அவரே கொண்டு வந்திருந்தார். மீனைப் பார்த்து எத்தனை மாதம் ஆகிவிட்டது. தெற்கே எங்கள் பக்கத்தில் ஆபரேஷன் உடம்புக்குக் கவுச்சி ஆகாது என்பார்கள். மீன்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தும், அம்மா அதை வீட்டுக்குள் விடவில்லை.

காத்திருந்த நோயாளிகளும் திரும்பி உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா கையுறையோடு கதவில் நின்றார். நான் விரல் நகம் அளவு பிய்த்து வாயில் போட்டேன். மேலே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய் மாதிரி உதிர்ந்தது. நாற்பது தடவை மென்றேன். மிளகாயும் உப்பும் கடலும் சேர்ந்த அந்த ருசியில், யார் பார்க்கிறார்கள் என்பதே மறந்துபோயிற்று. விழுங்கிவிட்டு, அந்தக் கை வந்து நெஞ்சைப் பிடிக்கப் போகிறது என்று காத்திருந்தேன். அதற்குள் ராணியம்மா எழுந்து வந்து, என் தாடையைப் பிடித்து, மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல உதட்டைத் தூக்கி, முன்பல் ஒன்றைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். ஆடவில்லை. கடைவாயில் ஒன்றை இழுத்தார். வலித்தது.

அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. எத்தனை கிலோ இருந்தேன், எதை வெட்டினார்கள், எது கசிந்தது, குழாய் எங்கே இருந்தது என்று எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மூன்று பேரும் என்னை எக்ஸ்ரே அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்த் தழும்பைப் பார்த்தார்கள். வெட்டின இரைப்பையைக் கையில் கொடுத்தார்களா என்று ஒருவர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. வெளியே வந்தபோது சுவர்க் கடிகாரம் அரை மணி நேரம் ஓடியிருந்தது. நெஞ்சில் இறுக்கம் இல்லை. நுரை இல்லை. இன்னொரு துண்டு கேட்கலாமா என்று நான் தயங்கி நின்றபோது, ராணியம்மா பேப்பரோடு என் கையில் வைத்தார்.

“வயிறு சின்னதுன்னா சின்னதா துன்னு. அத்த வுட்டுட்டு சொந்தப் பல்ல செட்டுன்னு சொல்லிகினு திரியறியே.”

மார்க்கெட்டின் பதில்

ஒன்பது நாளும் மீன்தான். அம்மாவோடு சண்டை போட்டு வாங்கின மீன். மூன்றாம் நாள் முட்டை சேர்ந்தது, ஆறாம் நாள் இடியாப்பம். ஒருநாள் அவசரப்பட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் என் பட்டியலை இரண்டு தடவை படித்தார். குழாய்க்கு வேலையில்லை என்று சீட்டில் எழுதினார். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் ஒரு பையன் சமோசா தின்றுகொண்டு வந்தான். பழக்கதோஷத்தில் எரிச்சல் வந்தது. பிறகு, எனக்கும் ஒருநாள் வரும், தின்னட்டும் என்று விட்டுவிட்டேன்.

கிளினிக்கில் ஸ்டெல்லாவின் ஸ்டூலை மூலைக்கே கொண்டுவந்து போட்டேன். வாசனை யாருக்கும் தொந்தரவில்லை என்று டாக்டரம்மாவிடம் நானே சொன்னேன். ராணியம்மாவின் செட்டு வந்து பொருத்தியது அதே வாரம்தான். கண்ணாடியில் பார்த்து, வெள்ளையாய்ச் சிரித்து, பத்து வயது குறைந்து வெளியே வந்தார். எனக்குத் தரவென்று மொறுமொறுப்பாக வறுத்த நெத்திலி கொண்டுவந்திருந்தார். நான் பாடத்தைச் சொன்னேன். புதுச் செட்டுக்கு ஈறு பழக வேண்டும், ஒரு வாரத்துக்குக் கஞ்சி, குழைந்த சாதம் மட்டும், நெத்திலி பக்கமே போகக் கூடாது. இந்தத் தடவை நான் சொன்னது சத்தியமான கணக்கு, டாக்டரம்மாவே எழுதிக் கொடுத்தது. சொல்லிவிட்டு ஒரு நெத்திலியை எடுத்துக் கடித்தேன். அது உடைந்த சத்தம் அந்தச் சின்ன அறையில் எல்லாருக்கும் கேட்டது. ராணியம்மா பெஞ்சில் உட்கார்ந்து, வாய் நிறையப் பல்லை வைத்துக்கொண்டு, நான் மென்று முடிக்கும் வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்கு அத்துப்படி.

“அந்தாண்ட திரும்பிகினு துன்னுடி. உன் வாயப் பாத்தா எனுக்கு வயித்தெரிச்சலா கீது.”

என் வயிற்றைப் பார்த்து இரக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர், ஆனால் அதைப் பார்த்து இன்னொருவர் வயிறு எரிந்தது அன்றைக்குத்தான். பட்டம் வாங்கியபோதுகூட எனக்கு அப்படி ஒரு பெருமை வந்ததில்லை.